கால்நடை ரத்தத்தில் வைரஸின் தடம்

கோமாரி வைரஸ் மாட்டின் ரத்தத்தில் தங்குவது சில நாட்கள்தான். வாயில் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது ரத்தத்தில் கலந்துவிடும். கொப்புளம் உடைந்து, எச்சில் நூலாக வடிந்து, குளம்பிடுக்கு புண்ணாகி மாடு நொண்டத் தொடங்கிய சில நாட்களில் ரத்தத்திலிருந்து மறைந்தும்விடும். வைரஸ் மறையும் வேளையில் அதை எதிர்க்க உடல் தயாரித்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் ஏறத் தொடங்கும். இரண்டாம் வாரத்துக்குள் அது தாராளமாகப் பெருகி, மாதக்கணக்கில், சில மாடுகளில் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும்.

கால்நடைகளின் வைரஸ் நோய்களுக்கான ரத்தப் பரிசோதனை முழுவதும் இந்தக் கால வரிசையைச் சார்ந்தே நிற்கிறது. வைரஸையோ அதன் மரபணுத் துணுக்கையோ நேரடியாகத் தேடும் சோதனைகள் ஒரு வகை. இந்த மாட்டுக்கு இப்போது நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு அவை பதில் தருகின்றன. எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகள் மற்றொரு வகை. இந்த மாடு எப்போதாவது அந்த வைரஸைச் சந்தித்திருக்கிறதா என்பதை அவை சொல்கின்றன. முதல் கேள்வியைக் கேட்க நினைத்து இரண்டாவது சோதனையைச் செய்துவிட்டால், ஆய்வகம் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தாலும் வரும் விடை பயன்படாது. கொப்புளம் கண்ட மறுநாள் எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை என்று முடிவு வந்தால், அந்த மாட்டுக்குக் கோமாரி இல்லை என்று அர்த்தமாகாது. எதிர்ப்பொருள் உருவாக உடலுக்கு இன்னும் நாள் போதவில்லை என்பதே அர்த்தம்.

உண்மையில், கோமாரி மும்முரமாக இருக்கும்போது கால்நடை மருத்துவர்கள் முதலில் தேடுவது ரத்தத்தை அல்ல. கொப்புளத்தின் மேல்தோலிலும் அதன் நீரிலும் வைரஸ் கொட்டிக் கிடக்கும் என்பதால், அதையே சேகரித்து அனுப்புகிறார்கள். கொப்புளம் ஆறிவிட்ட பிறகும், நோய் வந்ததே கவனிக்கப்படாத மந்தையிலும், தடுப்பூசி பலித்ததா என்று பார்க்க வேண்டிய ஊரிலும்தான் ரத்தத்தின் முக்கியத்துவம் கூடுகிறது.

ரத்தம் எடுக்கும் முறையிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்தி, கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் பெரிய சிரையைக் கட்டைவிரலால் அழுத்தினால் அது புடைத்து எழும். அங்கே ஊசியைச் செலுத்தி 5 முதல் 10 மில்லி வரை எடுப்பது வழக்கம். பழகிய கறவை மாடுகளில் வாலின் அடிப்புறச் சிரையிலிருந்தும் எடுக்கலாம். மாடு அவ்வளவாக மிரளாது. ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசி வேண்டும். ஒரே ஊசியால் வரிசையாகக் குத்திக்கொண்டே போனால், சோதிக்க வந்தவரே நோயைப் பரப்பிவிடுவார்.

எடுத்த ரத்தம் எந்தக் குழாயில் போகிறது என்பது அடுத்த படி. எதிர்ப்பொருள் சோதனைக்கு உறைய விடும் குழாய். வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனைக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. பூசிய ஊதா மூடிக் குழாய். உறைய விட வேண்டிய குழாயைக் குலுக்காமல் சாய்வாக வைத்து, நிழலில் சில மணி நேரம் விட்டால் செந்நிறக் கட்டி சுருங்கி, அதன்மேல் வெளிர் மஞ்சளான தெளிந்த நீர் பிரியும். அதுதான் சீரம். அவசரப்பட்டு ரத்தத்தை அப்படியே உறைபெட்டியில் வைத்தாலோ, மேடுபள்ளமான பாதையில் பைக்கின் பக்கப்பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போனாலோ சிவப்பணுக்கள் உடைந்து சீரம் செம்மை பாய்ந்துவிடும். அப்படிச் சிவந்த சீரம் பல சோதனைகளில் தவறான நிறத்தைக் காட்டும். சீரத்தைத் தனியே பிரித்தெடுத்த பிறகு ஐஸ் பொதிகளுடன் தெர்மோகோல் பெட்டியில் வைத்து அனுப்பலாம். ஆய்வகத்தில் மைனஸ் 20 டிகிரியில் நீண்ட நாள் இருக்கும்.

பெட்டியோடு போகும் தாளுக்கும் குழாய்க்கு நிகரான மதிப்பு உண்டு. மாட்டின் காதில் உள்ள 12 இலக்க அட்டையின் எண், வயது, சினையா இல்லையா, நோய்க்குறி தெரிந்த தேதி, கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். தடுப்பூசித் தேதி விடுபட்ட ஒரு சீரம் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுமே தவிர, வேறு எதையும் சொல்லாது. களத்தில் மிக எளிதாகத் தவறிப்போவதும் இந்த ஒரு விவரம்தான்.

ஆய்வகத்தில் வைரஸைத் தேடும் வேலையைப் பெரும்பாலும் பி.சி.ஆர். செய்கிறது. கொரோனா காலத்தில் ஊரறிந்த சோதனைதான் இது. வைரஸுக்கே உரிய ஒரு மரபணுத் துண்டைப் பல லட்சம் மடங்கு பெருக்கிக் காட்டும். மிகச் சிறிய அளவையும் பிடித்துவிடும் என்பது அதன் பலம். செத்த வைரஸின் மிச்சத்தையும் பிடித்துவிடும் என்பதால், பி.சி.ஆரில் தெரியும் ஒவ்வொரு மாடும் நோய் பரப்பும் மாடு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகளில் இன்று உலகெங்கும் புழங்குவது எலைசா. 1971-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகளான எங்வாலும் பெர்ல்மனும் விவரித்த முறை இது. உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் 8 வரிசை, வரிசைக்கு 12 என்று 96 சிறு குழிகள் இருக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான போட்டி எலைசாவை எடுத்துக்கொள்ளலாம். குழிகளின் அடியில் ஆட்டுக்கொல்லி வைரஸின் புரதம் பூசப்பட்டிருக்கும். அதில் ஆட்டின் சீரத்தையும், அந்தப் புரதத்தின் ஒரே இடத்தைக் குறிவைத்துப் பிடிக்கும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்பொருளையும் சேர்த்து ஊற்றுவார்கள். ஆட்டின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். ஆய்வக எதிர்ப்பொருளுக்கு இடம் இருக்காது. குழியைக் கழுவி, ஆய்வக எதிர்ப்பொருளோடு மட்டும் ஒட்டும் நொதியைச் சேர்த்து, மறுபடி கழுவி, நிறம் தரும் திரவத்தை விடுவார்கள். நிறம் அடர்த்தியாக எழுந்தால் அந்த ஆட்டில் எதிர்ப்பொருள் இல்லை. வெளிறி நின்றால் இருக்கிறது. ஓர் அமிலத் துளியால் நிற மாற்றத்தை நிறுத்தி, தட்டைக் கருவியில் வைத்து ஒவ்வொரு குழியின் அடர்த்தியையும் எண்ணாக எடுப்பார்கள். ஒவ்வொரு தட்டிலும் எதிர்ப்பொருள் உண்டு என்று முன்பே தெரிந்த சீரமும், இல்லை என்று தெரிந்த சீரமும் தனிக் குழிகளில் இருக்கும். அவை எதிர்பார்த்த எண்ணைத் தராவிட்டால் தட்டு முழுவதையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

பல நாட்டு ஆய்வகங்கள் இன்னும் அடிப்படை அளவுகோலாக வைத்திருப்பது நடுநிலையாக்கச் சோதனை. உயிருள்ள வைரஸோடு சீரத்தைக் கலந்து, செல் வளர்ப்பில் விட்டு, வைரஸ் செல்லைக் கொல்கிறதா, சீரம் தடுக்கிறதா என்று பார்ப்பது. கணிப்பு கச்சிதமாக இருக்கும். ஆனால் நாட்கள் பிடிக்கும். கோமாரி போன்ற வைரஸை உயிரோடு கையாளக் காற்றுகூடக் கசியாத பாதுகாப்புக் கூடம் வேண்டும். ஆயிரக்கணக்கான சீரங்களை அந்த வழியில் பார்த்து முடிக்க இயலாது.

எதிர்ப்பொருள் இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. நோய் வந்ததால் உண்டானதா, தடுப்பூசியால் உண்டானதா? தடுப்பூசி போடாத மந்தையில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. நோய் கண்டவுடன் ஒரு முறை, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்து இரண்டையும் ஒரே நாளில் சோதிப்பார்கள். எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் தொற்று புதியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போடும் இன்றைய இந்திய மாட்டுத் தொழுவத்தில் இந்த வழி எளிதில் கைகொடுப்பதில்லை.

கோமாரியில் இந்தச் சிக்கலுக்கு அழகான ஒரு தீர்வு கிடைத்தது. வைரஸ் மாட்டின் செல்லுக்குள் பெருகும்போது தன் வெளிக்கூட்டுக்கான புரதங்களோடு, பெருக்கத்துக்கு மட்டும் உதவும் வேறு சில புரதங்களையும் உண்டாக்குகிறது. பின்னவை வைரஸின் உடலில் இடம்பெறுவதில்லை. அவற்றைக் கட்டமைப்பு சாராப் புரதங்கள் என்கிறார்கள். தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்டு, சுத்திகரிக்கப்பட்ட வெளிக்கூடு. அது மாட்டுக்குள் பெருகுவதில்லை. எனவே தடுப்பூசி மட்டும் போட்ட மாட்டின் ரத்தத்தில் வெளிக்கூட்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருக்கும். உண்மையான தொற்றைக் கண்ட மாட்டில் இரண்டு வகையும் இருக்கும். ஒரே சீரத்தை இரண்டு எலைசாவில் ஓட்டினால், தடுப்பூசி பலித்ததா என்பதை ஒன்றும், வைரஸ் ஊருக்குள் நடமாடுகிறதா என்பதை மற்றொன்றும் தெரிவித்துவிடும். இந்தியாவில் இதற்கான எலைசா முறைகளை உருவாக்கியதும், நாடு முழுவதும் வரும் சீரங்களைச் சோதிக்கும் ஆய்வகங்களை ஒருங்கிணைப்பதும் கோமாரிக்கென்றே இயங்கும் மத்திய ஆராய்ச்சி நிறுவனம். அது முன்பு முக்தேஸ்வரில் இருந்தது. இப்போது புவனேஸ்வர் அருகே இயங்குகிறது.

2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கோமாரியையும் கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸையும் 2030-க்குள் ஒழிப்பது அதன் நோக்கம். கோமாரி வைரஸில் ஏழு வகைகள் உண்டு. இந்தியாவில் நடமாடுபவை ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று. தடுப்பூசியும் இந்த மூன்றுக்கும் சேர்த்தே போடப்படுகிறது. ஊசி போடும் முன் ஒரு பகுதி மாடுகளில் ரத்தம் எடுத்து, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால்தான், குளிர்பதனம் குலையாமல் மருந்து தொழுவம் வரை போய்ச் சேர்ந்ததா என்பது தெரியும். எத்தனை மாட்டுக்கு ஊசி போட்டோம் என்ற கணக்கைவிட, எத்தனை மாட்டில் காப்பு உண்டாயிற்று என்ற கணக்கே நோயைத் தடுக்கும்.

கட்டமைப்பு சாராப் புரதச் சோதனைக்கும் எல்லைகள் உண்டு. சரியாகச் சுத்திகரிக்காத தடுப்பூசியைப் பலமுறை போட்டால், தொற்றே காணாத மாட்டிலும் அந்த எதிர்ப்பொருள் லேசாகத் தலைகாட்டும். நல்ல காப்புள்ள மாட்டுக்கு லேசான தொற்று வந்தால், சோதனையில் தெரியும் அளவுக்கு அது உருவாகாமலும் போகலாம். ஆகவே ஒரு தனி மாட்டின் விதியை இந்தச் சோதனையால் தீர்மானிப்பதைவிட, மந்தையின் நிலையை அறியவே நிபுணர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். நோயிலிருந்து மீண்ட சில மாடுகளின் தொண்டைப் பகுதியில் வைரஸ் மூன்றரை ஆண்டு வரைகூட ஒளிந்திருக்கும். அந்த நாட்களில் ரத்தத்தில் வைரஸ் இருக்காது. தொண்டையைச் சுரண்டி எடுக்கும் சிறு கிண்ணக் கருவியால்தான் அதைப் பிடிக்க முடியும்.

கன்றுக்குட்டிகளின் ரத்தம் இன்னொரு விதத்தில் குழப்பும். பசு, எருமை, ஆடுகளில் தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போவதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலின் வழியேதான் கன்றுக்குப் போய்ச் சேருகிறது. சீம்பால் வயிறாரக் குடித்த கன்றின் ரத்தத்தில் தாய்க்கு இருந்த எதிர்ப்பொருள் எல்லாம் இருக்கும். கோமாரி விஷயத்தில் அது நான்கைந்து மாதம் வரை நீடிக்கும். அந்த வயதில் சோதித்தால் கன்று நோயுற்றதாகத் தோன்றும். உண்மையில் அது தாயின் சொத்து. நோய் நடமாட்டத்தை அளக்கும் ஆய்வுகள் ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளை ஒதுக்குவதும், கோமாரிக்கு முதல் தடுப்பூசியை நான்கு மாத வயதில் வைப்பதும் இதனால்தான்.

எந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு சரியாக இருப்பதில்லை. அதன் விளைவு கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை யாருக்கும் உறைப்பதில்லை. நோயுற்ற 100 மாட்டில் 95-ஐப் பிடிக்கும், நோயற்ற 100 மாட்டில் 98-ஐச் சரியாக நோயற்றது என்று சொல்லும் ஒரு சோதனையைக் கற்பனை செய்துகொள்ளலாம். கேட்க நல்ல சோதனைதான். 1,000 மாடுகளில் 10 மட்டுமே நோயுற்ற ஊரில் இதைச் செய்தால், அந்தப் பத்தில் ஒன்பதோ பத்தோ தெரியும். மீதி 990-ல் 2 சதவீதம், அதாவது சுமார் 20 மாடுகள், நோயே இல்லாமல் நோயுற்றவையாகக் காட்டப்படும். சோதனையில் சிக்கும் மாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு நிரபராதிகள். அதே சோதனையை 400 மாடுகள் நோயுற்ற ஊரில் செய்தால் 380 சரியாகவும் 12 தவறாகவும் வரும். சோதனை மாறவில்லை, ஊர் மாறியதால் முடிவின் நம்பகம் மாறியது. நோய் அருகிவரும் காலத்தில் ஒரு சோதனையின் முடிவை வேறு வகைச் சோதனையால் உறுதிசெய்யாமல் ஒரு மாட்டை மந்தையிலிருந்து நீக்குவது, அதன் பாலை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

எத்தனை மாட்டில் ரத்தம் எடுப்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பெரிய மந்தை ஒன்றில் 10 சதவீத மாடுகளுக்காவது தொற்று இருந்தால், அதில் ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு பிடிக்க 29 மாதிரி போதும். 5 சதவீதம் என்றால் 59 வேண்டும். 1 சதவீதம் என்றால் 299. மந்தை எவ்வளவு பெரிது என்பதைவிட, நோய் எவ்வளவு அரிது என்பதே மாதிரி எண்ணிக்கையை ஏற்றுகிறது. எடுக்கும் மாதிரி மந்தையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வர வேண்டும். கையில் சிக்கிய சாதுவான மாடுகளை மட்டும் குத்திவிட்டு வந்தால் இந்த எண்கள் செல்லாது.

வைரஸுக்கு வைரஸ் கால வரிசை மாறும். தமிழ்நாட்டுச் செம்மறியாடுகளை வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வாட்டும் நீலநாக்கு நோய் கோமாரிக்கு நேர்மாறானது. கொசுவைவிடச் சிறிய கடிக்கும் பூச்சிகள் பரப்பும் இந்த வைரஸ், ஆட்டின் சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. அதனால் சீரத்தில் தேடினால் ஏமாற்றம்தான். உறையாத முழு ரத்தம் வேண்டும். உயிருள்ள வைரஸ் போன பிறகும் அதன் மரபணு மிச்சம் மாதக்கணக்கில் பி.சி.ஆரில் தெரிந்துகொண்டிருக்கும். 2019-ல் ஒடிசாவில் முதலில் அறியப்பட்டு, 2022-ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்த தோல் கழலை நோயில், ரத்தத்தைவிடத் தோல் பொருக்கே நல்ல சாட்சி. வைரஸ் ரத்தத்தில் சில நாட்களும் பொருக்கில் வாரக்கணக்கிலும் இருக்கும். அந்த நோய்க்கு எதிரான காப்பு பெருமளவு செல்களால் வருவது என்பதால், காப்புள்ள மாட்டிலும் எதிர்ப்பொருள் சோதனை ஒன்றும் காட்டாமல் போகலாம்.

மிக வஞ்சகமானது பி.வி.டி. எனப்படும் மாட்டு வைரஸ் பேதி. சினையின் முதல் நான்கு மாதத்துக்குள் இந்த வைரஸ் கருவைத் தொற்றினால், இன்னும் முதிராத அதன் எதிர்ப்பாற்றல் வைரஸைத் தன் உடலின் பகுதி என்றே எடுத்துக்கொள்கிறது. பிறக்கும் கன்று ஆயுள் முழுதும் வைரஸைக் கக்கிக்கொண்டிருக்கும். ஆனால் எதிர்ப்பொருள் உண்டாக்காது. எதிர்ப்பொருள் சோதனையை மட்டும் செய்தால், மந்தையிலேயே ஆபத்தான அந்த ஒரு கன்று ஆரோக்கியமானது என்று சான்று பெற்றுவிடும். வைரஸையே தேடும் சோதனையைச் செய்து, மூன்று வாரம் கழித்து மீண்டும் செய்து இரண்டிலும் வைரஸ் இருந்தால் அது நிரந்தரத் தொற்று. இளங்கன்றில் சீம்பால் எதிர்ப்பொருள் வைரஸை மறைத்துவிடக்கூடும் என்பதால், காது மடலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

நோய் இருப்பதைக் காட்ட ஒரு ரத்தத் துளி போதும். நோய் இல்லை என்று நிரூபிப்பதுதான் ரத்தப் பரிசோதனை செய்த மிகப் பெரிய வேலை. பல நூற்றாண்டுகள் மாடுகளைக் கொன்று உழவர்களின் குடியைக் கெடுத்த வெக்கை நோயின் கதை அதுதான். கென்யாவின் முகுகாவில் வால்டர் பிளௌரைட் உருவாக்கிய தடுப்பூசி நோயைச் சாய்த்தது. ஆனால் அது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ்; போட்ட மாட்டின் எதிர்ப்பொருளையும் நோய் வந்து பிழைத்த மாட்டின் எதிர்ப்பொருளையும் பிரித்தறிய வழியே இல்லை. எனவே தடுப்பூசியை நிறுத்தத் துணிய வேண்டியிருந்தது. நிறுத்திய பிறகு பிறந்து, சீம்பால் எதிர்ப்பொருள் நீங்கும் வயதைக் கடந்த இளம் மாடுகளில் மட்டும் ரத்தம் எடுத்தார்கள். அவற்றில் எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸ் எங்கோ உலவுகிறது. ஆண்டாண்டாகத் தேடியும் இல்லையென்றால் போய்விட்டது. இந்தியாவில் கடைசி வெக்கை நோய் 1995-ல் தமிழ்நாட்டில் பதிவானது. தொற்றே இல்லாத நாடு என்ற சான்று 2006-ல் கிடைத்தது. 2011-ல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் ஒழித்த இரண்டாவது வைரஸ் நோய் அது.

அந்த வேட்டையின் நடுவில் ஒரு சிக்கல் வந்தது. ஆடுகளைத் தாக்கும் ஆட்டுக்கொல்லி வைரஸ், வெக்கை வைரஸின் நெருங்கிய உறவு. பழைய சோதனைகளில் இரண்டின் எதிர்ப்பொருளும் ஒன்றுபோலவே தோன்றின. 1942-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் விவரிக்கப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதலில் உறுதிசெய்யப்பட்டது, 1987-ல் விழுப்புரம் வட்டாரத்து அரசூரில் மடிந்த ஆடுகளில். ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் ஆய்வக எதிர்ப்பொருளைக் கொண்டு செய்த போட்டி எலைசாதான் இரண்டையும் பிரித்துக் காட்டியது. ஆடுகளில் தென்பட்ட எதிர்ப்பொருளை வெக்கை நோயின் மிச்சம் என்று தவறாகக் கருதாமல் ஒழிப்புப் பணி நகர அது உதவியது. அரசூரில் கிடைத்த வைரஸையே வீரியம் குறைத்துப் பின்னர் தடுப்பூசியும் உருவாக்கினார்கள்.

ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் உலகிலிருந்து ஒழிப்பது என்று 2015-ல் அபிஜானில் நாடுகள் உறுதியெடுத்தன. இதற்கான தடுப்பூசியும் உயிருள்ள வைரஸ்தான். கோமாரியில் செய்வதுபோல் தொற்றையும் ஊசியையும் பிரித்துக் காட்டும் சோதனை களத்தில் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே வெக்கை நோயில் நடந்தபடியே, முதலில் ஊசியால் நோயை அடக்கி, பிறகு ஊசியை நிறுத்தி, அதன்பின் பிறந்த குட்டிகளின் ரத்தத்தில் தேட வேண்டியிருக்கும். மாட்டைவிட ஆட்டில் இது கடினம். ஆடு விரைவாகக் குட்டி போடும், விரைவாகச் சந்தைக்குப் போகும். இரண்டு மூன்று ஆண்டில் மந்தையின் பெரும்பகுதி புதிதாகிவிடும். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டபடி மாவட்டம் விட்டு மாவட்டம் நகரும் மந்தைகளில் காதட்டையும் தேதியும் சரியாகப் பதிவாகியிருந்தால்தான், எந்தக் குட்டி ஊசிக்கு முன் பிறந்தது, எது பின் பிறந்தது என்று ஆய்வகத்தால் பிரித்தறிய முடியும்.